வெள்ளிக்கிழமை யாருடையது?

நர்சம்மா பதில்கள்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் எனக்கு வரும் கடிதம் கூடிவிடும். ஏப்ரல் 15 ஆனதும் விசைப்படகெல்லாம் கரையைப் பிடிக்கும், ஆண்கள் வீட்டைப் பிடிப்பார்கள், பெண்கள் பேனாவைப் பிடிப்பார்கள். இந்த மாதம் வந்ததில் வீட்டையும் வேலையையும் சேர்த்து இழுக்க முடியாமல் எழுதியவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். சர்க்கரை, மூட்டுவலி, மருமகள் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதம். மருமகள் கேள்வி மட்டும் 9 இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நர்சம்மாவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. ராமநாதபுரத்தில் ஒரு நகைக்கடன் ஆபீசில் கிளார்க்காக இருக்கிறேன். காலை 7.40க்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழரை. வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். ஒரு பையன், இரண்டாம் வகுப்பு. நாலரை மணிக்கு எழுந்து காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, பையனைக் கிளப்புவது எல்லாம் நான்தான். அவர் கடலுக்குப் போகிற நாளில் சரி என்று விட்டுவிடலாம். இப்போது 61 நாளும் வீட்டில்தானே இருக்கிறார்? போன வாரம் நான் வந்து பார்த்தபோது காலையில் சாப்பிட்ட தட்டு அப்படியே காய்ந்து கிடந்தது. கேட்டால், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கழுவிருப்பேன்ல" என்கிறார். சொல்லிச் சொல்லி வேலை வாங்குவதற்கு நானே செய்துவிடலாம் போலிருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா? சம்பளம் 14,000 ரூபாய்.
(பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்)

பதில்: வேலையை விடாதீர்கள் தாயி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளால் வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 131 ரூபாய் வரும். அதே இரண்டு மாதத்தில் உங்கள் சம்பளம் 28,000. நீங்கள் உட்கார்ந்திருப்பது நகைக்கடன் ஆபீசில். இந்த இரண்டு மாதத்தில் எத்தனை படகுக்காரர் வீட்டுச் சங்கிலி உங்கள் கவுண்டருக்கு வருகிறது என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுச் சங்கிலி அந்தத் தராசில் ஏறாமல் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அந்த 7.40 பஸ்.

அப்புறம் உங்கள் வாரத்தை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். கடலோரத்தில் வளராதவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன். வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று பிரித்துக்கொண்டுதான் தொழில் நடக்கிறது. நம் ராமேஸ்வரம் தீவில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. காலையில் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலையில் கரை. அப்படியென்றால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் உங்கள் வீட்டுக்காரர் மீனை இறக்கி, கணக்குப் பார்த்து, வீட்டுக்கு வந்து பாயில் விழுவார். உங்களுக்கு லீவு ஞாயிறு ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நீங்கள் பூசைக்குப் போய்வந்து துணி துவைத்துக் காயப்போடுகிற நேரமெல்லாம் அவர் தூங்குவார். அவர் முழுசாக விழித்திருக்கும் ஒரே நாள் வெள்ளி. அன்று நீங்கள் ராமநாதபுரத்தில். வருஷத்தில் பத்து மாதம் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு பகல் கிடைப்பதில்லை. இப்படி ஓடுகிற வீட்டில் யார் எதைச் செய்வது என்று உட்கார்ந்து பேச நேரம் எங்கே இருந்திருக்கும்? இருக்கிறவள் செய்வாள் என்று ஓடிவிட்டது.

இப்போது 61 நாள் கிடைத்திருக்கிறது. பல பேர் கேரளாப் பக்கம் தொழிலுக்குப் போய்விட்டார்கள். அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும், அதுவரை ஓட்டலாம். உங்கள் ஆள் போகவில்லை, ஊரில்தான் இருக்கிறார். படகைக் கரையேற்றிச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரிப்பது என்று பகலில் அவருக்கும் கொஞ்சம் வேலை இருக்கும். அதையும் கேட்டுக்கொண்டு பேசுங்கள். சும்மாதானே இருக்கீங்க என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அந்தச் சொல் நமக்கு எவ்வளவு வலிக்குமோ அதே அளவு அவருக்கும் வலிக்கும்.

இன்னொன்று, 'உதவி' என்று கேட்பதை நிறுத்துங்கள். உதவி கேட்டால் வேலை உங்களுடையது என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில் ஒரு நாளை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். நான் வெள்ளியைச் சொல்வேன், ஏனென்றால் ஜூன் 15ல் படகு இறங்கிய பிறகும் அந்த நாள் அவரிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை உலையிலிருந்து ராத்திரி பையன் தூங்குகிறவரை அந்த வீடு அவருடையது. என்ன சமைப்பது, பையனின் ஹோம்வொர்க் எது, தண்ணீர் எப்போது பிடிப்பது எல்லாம் அவர் தலையில். பருப்பு டப்பா எங்கே என்று ஆபீசுக்கு போன் வரும். "தேடிப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

சமைக்கத் தெரியாது என்பாரா? படகில் யார் சமைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஐந்தாறு ஆம்பிளைகள் ஒரு ராத்திரி முழுக்க நடுக்கடலில் கிடக்கிறார்கள், பொண்டாட்டியா போய்க் குழம்பு வைக்கிறாள்? ஆடுகிற படகில் அடுப்பை வைத்து, வலையில் வந்த மீனை அங்கேயே ஆய்ந்து, சோறும் குழம்பும் இறக்குகிறவர்கள் இவர்கள். அந்தக் குழம்பு மாதிரி வீட்டுக் குழம்பு இல்லை என்று பெருமையும் அடிப்பார்கள். ஆடாத அடுப்பில் வைக்க என்ன கஷ்டம்?

மத்திய அரசு 2024ல் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளைக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அந்த 88 நிமிடம் எந்த ஊரில் இருக்கிறது என்று நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களிடம் சொல்வதற்கு என் தப்பு ஒன்றும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஐஸ் பிளான்டில் கணக்கெழுதினார். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் டியூட்டி முடிந்து வருவதற்குள் குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் வந்ததும் வராததுமாக அதை எடுத்து மோந்து பார்த்தேன். கவுச்சி போகவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் சாம்பல் போட்டுத் திரும்பத் தேய்த்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவர் ஒரு சட்டியைத் தொடவில்லை, அந்த ஆறு வருஷத்துச் சட்டியும் நான் தேய்த்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது கவுச்சி அடித்தால் மூக்கை மூடிக்கொண்டு சாப்பிட உட்காருங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையில் உம்மா வீட்டில் இருக்கிறேன். வயது 28. மச்சான் (கணவர்) துபாயில். சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் (ஆஸ்பத்திரிப் பதிவுகளுக்குக் குறியீடு போடும் வேலை) செய்கிறேன், காலை 9 முதல் மாலை 6 வரை. வீட்டில் இருப்பதால் நான் வேலை செய்வதாக யாரும் நினைப்பதில்லை. மாமி வந்தால் எழுந்து உட்கார்ந்து பேச வேண்டும். சின்னம்மா வந்தால் டீ போட வேண்டும். ராத்தா (அக்கா) அவள் பிள்ளையை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போகிறாள். இடையில் மச்சான் கால் பண்ணுவார், எடுக்காவிட்டால் கோபம். ஒருநாள் கணக்கு குறைந்து கம்பெனியில் திட்டு வாங்கினேன். என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், கீழக்கரை)

பதில்: வ அலைக்கும் ஸலாம் மா. நம் பக்கம் 'வேலை' என்ற சொல்லுக்கு மரியாதை குறைவு. வீடு கூட்டுவதும் வேலை, துணி மடிப்பதும் வேலை, அதனால் 'வேலை இருக்கு' என்றால் 'அப்புறம் பார்த்துக்கலாம் உட்காரு' என்பார்கள். இனிமேல் 'டியூட்டி' என்று சொல்லுங்கள். "டியூட்டில இருக்கேன் மாமி, ஆறு மணிக்கு வந்து உட்கார்றேன்." உங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் கடல் தாண்டிப் பிழைக்கிறவர். டியூட்டி என்றால் என்ன, டியூட்டிக்கு நடுவில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மாமியே தன் மகனுக்கு டியூட்டி நேரத்தில் போன் போட மாட்டார்.

சொன்னால் மட்டும் போதாது, பார்த்தால் தெரிய வேண்டும். நைட்டியோடு கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வெளியே கிளம்புகிற மாதிரி உடுத்திக்கொள்ளுங்கள். கம்பெனி அடையாள அட்டை இருந்தால் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சேலை கட்டியிருந்தால் என்னை நர்சம்மா என்று வழி விடுகிறவர்கள், கலர்ச் சேலையில் போனால் ரேஷன் வரிசையில் இடித்துத் தள்ளினார்கள். ஆள் ஒன்றுதான்.

மச்சான் விஷயம் கணக்கில் முடிகிற விஷயம். அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். உங்கள் டியூட்டி முடிகிற 6 மணி அவருக்கு நாலரை. அவருக்கு ராத்திரி 8 என்றால் உங்களுக்கு ஒன்பதரை. வாட்ஸப்பில் அங்கிருந்து கூப்பிட முடியாது, போட்டிம் ஆப்பில்தான் வருவார் என்று நினைக்கிறேன். ஒன்பதரைக்குப் பிள்ளைகள் தூங்கிவிடும், வீடு அடங்கிவிடும், அந்த ஒரு மணி நேரம் உங்கள் இரண்டு பேருக்கு. பகலில் கூப்பிட்டு, பின்னால் சின்னம்மா பேச்சு, ராத்தா பிள்ளை அழுகை, உங்கள் கண் ஸ்கிரீனில், இப்படிப் பேசுவதில் அவருக்கும் என்ன கிடைக்கிறது? அதை அவரிடம் கோபமாகச் சொல்லாமல், "உங்ககிட்ட நிம்மதியா பேசணும்" என்று சொல்லிப் பாருங்கள்.

ராத்தாவுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள், முன்கூட்டியே சொல்லிவிட்டு, உம்மா வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து. நாளைக்கு உங்கள் பிள்ளையை வைத்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும்.

கேள்வி: மண்டபத்தில் நண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நண்டு வருகிற நேரத்துக்குத்தான் வேலை, பாதியில் எழுந்து வர முடியாது. போன மாதம் நான் வேலையில் இருந்தபோது 3 வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. சாயங்காலம் வந்துதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் மாமியார், "காசுக்காக பிள்ளைய விட்டுட்டுப் போனவ" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். ராத்திரி தூக்கம் வரவில்லை.
(பெயர் வேண்டாம்)

பதில்: உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். கதை என்னுடையதுதான்.

2000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு போலியோ ஞாயிறு. உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் எனக்கு முகாம். விடிகாலையில் பாம்பனிலிருந்து பஸ். (துணை சுகாதார நிலையத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. தங்கியும் இருக்கிறேன், தங்காமலும் இருந்திருக்கிறேன். ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி யாரும் மெமோ தர முடியாது.) தோளில் நீலப் பெட்டி, அதற்குள் நாலு ஐஸ் பேக், நடுவில் மருந்துக் குப்பிகள். அன்றைக்கு முழுக்க வாயைத் திற, ரெண்டு சொட்டு, இடது கைச் சுண்டுவிரலில் மை. அழுகிற பிள்ளை, கடிக்கிற பிள்ளை, மையை நக்குகிற பிள்ளை. ஒரு குழந்தைகூட விடுபடக் கூடாது என்று பக்கத்துத் தெருவுக்கெல்லாம் ஆள் அனுப்பினேன். கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. என் மகளுக்கு அப்போது 3 வயது. தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையை இழுத்துவிடும்போது கையைப் பார்த்தேன். விரலில் மை இல்லை.

அத்தை கூட்டிப்போவார் என்று நான் நினைத்தேன், இவர் கூட்டிப்போவார் என்று அத்தை நினைத்தார், நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு அவளே போட்டுவிடுவாள் என்று இவர் நினைத்தார்.

மறுநாள் வீடு வீடாகப் பார்க்கிற டீம் வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் போட்டாகிவிட்ட வீட்டுக் கதவில் சாக்பீஸால் 'பி' என்று எழுதுவார்கள். விடுபட்ட பிள்ளை இருந்தால் 'எக்ஸ்'. வந்தவள் என்னோடு டிரெய்னிங் படித்தவள். எனக்காக 'பி' போட்டிருக்கலாம், போடவில்லை. நான் அன்றைக்கும் டியூட்டிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்க்கிறேன், என் வீட்டுப் பச்சைக் கதவில் ஒரு முழ நீளத்துக்கு எக்ஸ். அந்தத் தெருவில் அது ஒன்றுதான். பையில் மிச்சம் இருந்த மருந்தை அன்றைக்கு ராத்திரியே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் போட்டேன், கதவை ஈரத்துணியால் துடைத்தேன். சாக்பீஸ் போய்விட்டது, அத்தை வாயிலிருந்து பத்து வருஷம் போகவில்லை.

மகளுக்கு இப்போது 28 வயது. இந்தக் கதையை அவளிடம் சொன்னபோது, "எக்ஸ் போட்ட ஆன்ட்டி யாரு, இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

உங்கள் மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் ஒன்று செய்யுங்கள். பகலில் பிள்ளை அவரிடம் இருக்கிறான். அவருக்குப் பயமாக இருந்திருக்கும், என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார், அந்தப் பயம்தான் இப்போது ஏச்சாக வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தர்மாமீட்டர் வாங்கி அவர் கையில் கொடுத்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி காய்ச்சல் மருந்து என்று டாக்டரிடம் கேட்டு பாட்டில் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிள்ளை எதையும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மூச்சு வேகமாக இழுத்தால், வலிப்பு வந்தால் உங்களுக்காகக் காத்திருக்கவே வேண்டாம், 108. கம்பெனி சூப்பர்வைசர் நம்பரை மாமியார் போனில் போட்டுவையுங்கள். அவசரம் என்றால் உள்ளே வந்து சொல்லச் சொல்லி சூப்பர்வைசரிடம் இப்போதே பேசிவையுங்கள், காய்ச்சல் வந்த அன்றைக்குப் பேசினால் நடக்காது.

கேள்வி: பாம்பன் சின்னப்பாலம் என் ஊர். சென்னையில் தனியார் கம்பெனியில் வேலை. குழந்தைக்கு 4 மாதம். லீவு முடியப் போகிறது. அம்மாவை நிரந்தரமாக இங்கே கூப்பிடுகிறேன், வரமாட்டேன் என்கிறார். 54 வயதில் இன்னும் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார். "உனக்கென்னம்மா தலையெழுத்து, நான் சம்பாதிக்கிறேன் வா" என்றால் 10 நாள் இருந்துவிட்டு ஓடிவிட்டார். பேரப்பிள்ளையைவிடப் பாசி பெரிதா?
(ஊர் பெயர் போடலாம், என் பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் கடிதத்தில் வேலை என்று ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் வேலையை. அம்மா செய்வதைத் தலையெழுத்து என்று எழுதியிருக்கிறீர்கள்.

சின்னப்பாலத்துப் பெண்களின் காலுக்கு நான் டி.டி. ஊசி போட்டிருக்கிறேன். பாறை கிழித்த கால்கள். விரலுக்கு விரல் துணியைச் சுற்றி, அதற்கு மேல் ரப்பரை இழுத்துக் கட்டி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து உள்ளே போனால் மேலே வரும்போது கையில் ஒரு பிடி மரிக்கொழுந்துப் பாசி இருக்க வேண்டும். ஊசி போடும்போது முகத்தைச் சுளிக்காதவர்கள் என் சர்வீசில் இவர்கள்தான். மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் போகக் கூடாது, 21 தீவையும் 1986லேயே தேசியப் பூங்காவாக்கிவிட்டார்கள், வனத்துறைக்காரர்கள் பிடித்தால் படகோடு நிறுத்துவார்கள். இத்தனைக்கும் நடுவில் உங்கள் அம்மா அந்தக் காசில்தான் உங்களைப் படிக்கவைத்தார் என்று நினைக்கிறேன். படகில் அவருக்கென்று ஒரு இடம் இருக்கும், கூட முங்குகிற ஜோடிப் பெண்கள் இருப்பார்கள். இரண்டு மாதம் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். உங்களுக்கு 26 வாரம் லீவு கொடுத்து, வேலையையும் வைத்திருக்கிறது சட்டம். அம்மாவுக்கு யார் வைத்திருப்பார்கள்?

அடுக்குமாடி வீட்டில் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, பேச ஆளில்லாமல், காற்றில்லாமல். பத்து நாள் இருந்ததே பெரிது.

இப்போது அம்மாவின் காலண்டரை எடுத்துக்கொள்வோம். பாசிக்கு அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள். மாதத்தில் 12 நாள்தான் கடல். நடுவில் எட்டு ஒன்பது நாள் இரண்டு தடவை சும்மா வரும். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே வருகிறது, மண்டபம்வரை பஸ்ஸில் போய் ஏற வேண்டிய தொல்லை இல்லை. ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. அம்மாவிடம் "வந்துவிடு" என்று சொல்லாமல், "அமாவாசை முடிஞ்சதும் எத்தனை நாள் வர முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். தடைக்காலத்தில் அங்கே கொஞ்ச நாள் பாசிக்கும் ஓய்வு விடுவார்கள், அப்போது கூடுதலாகத் தங்குவார். திரும்பிப் போகிற டிக்கெட்டையும் நீங்களே எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் அவர் நிம்மதியாகப் பிள்ளையைக் கொஞ்சுவார்.

மிச்ச நாளுக்கு? அது உங்களுடையதும் உங்கள் வீட்டுக்காரருடையதுமான கேள்வி. அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, வெளிநாட்டில் இருக்கிறாரா, வீட்டில்தான் இருக்கிறாரா? உங்கள் கம்பெனியில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும், நாளைக்கு 4 தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரவும் விட வேண்டும். 2017லிருந்து சட்டம் அப்படித்தான். ஹெச்.ஆரிடம் வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள். 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், அதற்குப் பிறகு கூழ் ஆரம்பித்துவிட்டால் பகலில் விட்டுப்போவது கொஞ்சம் லேசாகும். அதற்குள் வேலைக்குப் போவதாக இருந்தால் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைக்கலாம், வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பாசி பெரிதா பேரன் பெரிதா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டீர்களா? கேட்கவில்லை என்றால் கேட்காதீர்கள். கேட்டுவிட்டீர்கள் என்றால் அடுத்த போனில் வேறு எதையாவது பேசுங்கள், கடல் எப்படி இருக்கிறது, காற்று மாறிவிட்டதா என்று.

கேள்வி: மனைவி ஆசிரியை. காலைச் சமையல் என் பொறுப்பு. நண்பர்கள் 'சமையல் மாஸ்டர்' என்று கேலி செய்கிறார்கள். (மண்டபம் வாசகர்)

பதில்: ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். கணவாய்த் தொக்கு வையுங்கள். வீட்டுக்குப் போய் அவர்கள் பொண்டாட்டிகளிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: காலையில் 6.30க்கே கிளம்ப வேண்டும். நாலைந்து நாள் தாங்குகிற தொடுகறி ஒன்று சொல்லுங்கள். (தேவிபட்டினம் வாசகி)

பதில்: உங்களைப் பார்த்தால் எனக்கு என்னைப் பார்ப்பது போலிருக்கிறது. 1989ல் வேலைக்குச் சேர்ந்தேன், ரோட்டுப் பாலம் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பேன். பாலத்தில் ஏறியதும் அடிக்கிற காற்றில் சருகெல்லாம் பறந்து முன் சீட்டுக்காரர் தலையில் உட்காரும். நடுப்பாலம் வருவதற்குள் கால் கிலோ முடிந்துவிடும்.

நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்யுங்கள். ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் போதும். 200 கிராம் நெத்திலியைத் தலை கிள்ளி, சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், மண் அடியில் நிற்கும். நல்லெண்ணெய் தாராளமாக. கடுகு, வெந்தயம், பத்துப் பல் பூண்டு, கால் கிலோ சின்ன வெங்காயம். வெங்காயம் சிவந்ததும் நம் ஊர் முண்டு மிளகாயை வறுத்துப் பொடித்த தூள் இரண்டு கரண்டி. 2023ல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிற மிளகாய், கடையில் வேறு எதையாவது தலையில் கட்டப் பார்ப்பார்கள், உருண்டையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போனதும் கருவாட்டைப் போட்டு எண்ணெய் மேலே வரும்வரை கிண்டுங்கள். உப்பு கடைசியில் ருசி பார்த்துத்தான், பெரும்பாலும் வேண்டியிருக்காது. ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஈரக் கரண்டி மட்டும் போடாதீர்கள். பழைய சோற்றுக்கும் சரி, இட்லிக்கும் சரி. ஆபீசில் டப்பாவைத் திறக்கும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.